இன்னா கோணா?

முதல் நாள் காலை ஐந்தேமுக்காலுக்கு
நூற்றி நாலாம் ரூம்காரர் இறங்கி வந்து
"இனா குவானா?" என்றார்.
என் காதில் விழுந்தது: இன்னா கோணா?
திரும்பிப் பார்த்தேன்.
சுவரில் காலண்டர் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.

அதற்குள் ஆளைக் காணோம்.
கவுன்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்
ஆறடி மனுஷன் முழங்கால் மடித்து
அரைக்குந்தலில், பார்வை தரையில்.
சில்லறை ஏதும் விழுந்துவிட்டதோ என்று
நானும் தேடினேன்.

பெயர் சாலிசு. ஊர் கட்சினா,
நைஜீரியாவுக்கு வடக்கே கடைசி.
கூட வந்த அண்ணனுக்குக் கிட்னி.
தோட்டப்பாளையத்தில் பலகைகள் வங்காளம் பேசும்,
ஆட்டோக்காரன் வங்காளத்திலேயே பேரம் பேசுவான்.
ஹௌஸாவுக்கு ஆள் இல்லை.
எனக்குக் கேட்கத் தெரிந்தவை மூன்று:
பாஸ்போர்ட், அட்வான்ஸ், எத்தனை நாள்.

அவருக்கோ ஒரு வரிசை இருந்தது.
தூக்கம் எப்படி. களைப்பு எப்படி. வேலை எப்படி.
வீடு, வீட்டார், வெயில்.
இத்தனைக்கும் பிறகுதான்
பாத்ரூம் குழாய் ஒழுகுவதைச் சொல்வார்.
பின்னால் நாலு பேர் சாவிக்கு நிற்பார்கள்.

பெரும்பாலும் ஒரே பதில், லாஃபியா. சுகம்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.
ஆபீஸுக்கே 'ப' போட்டு ஒப்பேற்றுகிறவள்,
எஃகோடு பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த
மூன்று புள்ளியை
அன்றைக்குத்தான் வைத்தேன்.

களைப்பு எப்படி என்றால்
களைப்பே இல்லை என்று சொல்லவேண்டுமாம்.
டபுள் ஷிப்ட் முடித்த வீங்கின காலோடு
பா கஜியா, என்றேன்.
பொய்தான்.
ஆனாலும் கேட்டாரே ஒருத்தர்.

நோயாளிக்கு அவர்கள் பாஷையில் மை ஜிகி.
உடம்புக்கு உடையவர்.
ஆஸ்பத்திரியில் அந்த அண்ணன் ஒரு நம்பர்,
ஒரு நீலச் சீட்டு, கூடிக் குறையும் கிரியாட்டினின்.
எங்கள் கவுன்டரில் மட்டும்
உடம்பு இன்னும் அவர் பேரில் இருந்தது.

"யாயா மை ஜிகி?"
"தா சவுக்கி." இலேசாகிறது.
நம்ம சௌக்கியம்தான், வால் ஒடிந்தது.
எல்லா நாளும் சவுக்கிதான்.
அந்த 'க்கி' எவ்வளவு தாமதித்து வருகிறதோ
அதை வைத்து
டயாலிசிஸ் எப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போடுவேன்.

ஒரு நாள் அவசரத்தில்
ரிப்போர்ட் வந்ததா என்று நேராகக் கேட்டுவிட்டேன்.
பதில் இல்லை. கோபமும் இல்லை.
செருப்போடு உள்ளே வந்துவிட்டவளைப்
பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு
மெதுவாக ஆரம்பித்தார், இனா குவானா?
நான் வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தேன்.

கத்திரி பிறந்த அன்று காலி செய்தார்கள்.
அண்ணன் தானாகவே படி இறங்கினார்,
கைப்பிடியை விடாமல்.
லாட்ஜில் நாங்கள் யாரையும்
போய்ட்டு வாங்க என்று அனுப்புவதில்லை.
நல்லா இருங்க. அதோடு சரி.
அதை அவர் பாஷையில் எப்படிச் சொல்வதென்று
எழுதி வைத்திருக்கவில்லை.
பில்லில் ஐம்பது ரூபாய் குறைத்தேன்.

மறுநாள் நூற்றி நாலில் அசன்சோல்காரர்.
வாய் தவறி, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டேன்.
கொசு என்றார். ஃபேன் கடகட. வாளியில் விரிசல்.
பக்கத்து ரூமில் விடிய விடிய போன்.
இருபது நிமிஷம்.

மத்தியானம் கவுன்டர் ஓய்ந்திருந்தது.
குடியாத்தத்துக்குப் போன் போட்டேன்.
பொதுச்சுவர் தகராறில்
நாலு வருஷமாகப் பேசாத அக்கா.

"இன்னா?"
"ராத்திரி நல்லா தூங்கினியா?"
"இன்னாடி, பணம் வேணுமா?"
"வூட்ல எல்லாரும் எப்படிக் கீறாங்க?"
"யாரு செத்துட்டாங்க? சொல்லித் தொல."

பின்னட்டையில் விரல் வைத்து
அடுத்ததைத் தேடினேன்.

"வெயிலு எப்படிக் கீது அங்க?"

குக்கர் ஒரு விசில் விட்டது.
இன்னொன்று.
யாரோ கேஸை அணைத்தார்கள்.

"நேத்து நாப்பத்தி மூணு," என்றாள்.
"அங்க?"